அம்மாவின் கண்ணும் ஆதாரும்

மாப்ள சேகரு,

இங்க எல்லாரும் சௌக்கியம். நீ குடுத்துவிட்ட வேட்டி வந்துருச்சு, அப்பா கட்டிப் பாத்துட்டாரு. இப்ப எழுதுறது அம்மா விஷயமா.

ரேஷன் கடையில அம்மாவுக்கு ரேகையே விழுறதில்ல. பெருவிரல வை, ஆள்காட்டி விரல வை, முந்தானையில தொடச்சிட்டு வைம்பாங்க. ஒண்ணும் நடக்காது. மேலூர் வயல்ல களையெடுத்து, அப்புறம் சூளையில செங்கல் அறுத்த கைடா. விரல் நுனி வழுவழுன்னு இருக்கு. "ரேகை இல்லேன்னா நான் செத்தவளா?"ன்னு கேட்டுச்சு. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.

இப்ப கருவிழி பாக்குற கருவி வந்திருக்கு. கண்ண அகலத் தொறந்துச்சு, அவ்வளவுதான், பில் வந்துருச்சு. ஆதாருக்குப் பத்து விரலோட ரெண்டு கண்ணையும் எடுத்தாங்களே, அது இப்பத்தான் ஒதவுது.

அன்னையிலருந்து இதையே தேடிப் படிக்கிறேன். நம்ம கண்ணு பாக்க வெறும் கறுப்பு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சத்துல படம் எடுத்தா, கண்ணு நடுவுல இருக்குற பாப்பாவச் சுத்தி நாரும் குழியும் வரிவரியாத் தெரியுது. அத 0, 1 மட்டுமே வர்ற 2048 இலக்க (பிட்டு) எண்ணா மாத்துற வழியக் கண்டுபிடிச்சவரு கேம்பிரிட்ஜ் ஜான் டாக்மன். 1984ல அகதி முகாம்ல போட்டோ எடுத்த ஆப்கான் பொண்ணு சர்பத் குலாவ 2002ல கண்டுபிடிச்சப்ப, அவதான் இவன்னு ரெண்டு படத்துக் கண்ணையும் ஒப்பிட்டுச் சொன்னவரும் அவரே. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட கருவிழி வேற வேறயாம். ஒருத்தருக்கே எடது கண்ணு வேற, வலது கண்ணு வேற. இது அன்னிக்கே இருந்திருந்தா, நமக்குத் தெரிஞ்ச இரட்டையருல பெரியவன் செஞ்சதுக்குச் சின்னவன் பி.டி. வாத்தியார்கிட்ட அடி வாங்கியிருக்க மாட்டான்ல?

இப்ப சிக்கல் என்னன்னா, அம்மாவுக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா வர மாட்டேங்குது. "கண்ண அறுத்துட்டா அந்த மெஷினுக்கு என்னையத் தெரியுமா? அரிசி யாரு தருவா?"ன்னு ஒரே பிடிவாதம். புரை விழுறது கருவிழிக்குப் பின்னால இருக்குற லென்சுலம்மா, அத எடுத்துட்டுப் புது லென்சு வைப்பாங்க, முன்னாடி இருக்குற வரி அப்படியே இருக்கும்னு சொல்லிப் பாத்துட்டேன். சில பேருக்குப் பாப்பா வடிவம் கொஞ்சம் மாறி மெஷின் தடுமாறலாம், அப்படி ஆனா ஆதார் மையத்துல திரும்பப் பதிஞ்சுக்கலாம். சொட்டு மருந்து விட்டுப் பாப்பா விரிஞ்சிருக்கிற அன்னிக்குக் கடைக்குப் போகாம இருந்தாப் போதும்.

1976ல 11 படுக்கையோட அந்த ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமிக்கு வாத நோய்ல விரலெல்லாம் கோணிப்போயிருந்துச்சு. அந்த விரல வச்சே ஆபரேஷன் பண்ணப் பழகினவரு. அதச் சொன்னப்ப மட்டும் அம்மா தன் கையப் பாத்துக்கிட்டு சும்மா இருந்துச்சு.

நான் சொன்னா எடுபடாது, நீ சொன்னா கேக்கும். ஞாயித்துக்கெழம காலையில ஒரு போன் போடு. புரைய முத்த விட்டுரக் கூடாதுடா. தேதி வாங்கிட்டா நீயும் ஒரு நாள் லீவு போட்டு வா.

பாண்டி