வீடு திரும்பியவர்களின் பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

போர்ப் பாட்டு என்றாலே வீரம், தியாகம், கொடி என்று முடித்துவிடுகிறோம். ஊர் திரும்பிய சிப்பாய் ராத்திரி தூக்கம் வராமல் கிடப்பதை யார் பாடுவது? அமெரிக்கப் பாடகி மேரி கோஷே 2018-ல் வெளியிட்ட ‘ரைஃபிள்ஸ் அண்ட் ரோசரி பீட்ஸ்’ தொகுப்பில் 11 பாடல்கள். ஒன்றைக்கூட அவர் தனியாக எழுதவில்லை, முன்னாள் படைவீரர்களோடும் அவர்கள் குடும்பத்தாரோடும் உட்கார்ந்து, அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு, சேர்ந்தே எழுதினார். ராணுவத்தில் மெக்கானிக்காக இருந்த ஒரு பெண்ணுக்கு ஈராக்கில் கூட இருந்தவர்களாலேயே வந்த தொல்லையை ஒரு பாட்டு சொல்கிறது. இன்னொன்று, வீரர்களின் மனைவிமார் சேர்ந்து எழுதியது, கணவன் திரும்பிய பிறகு வீட்டுக்குள் தொடங்கும் போரைப் பற்றி. என்னை உலுக்கியது அதுதான். மெடலும் பென்ஷனும் அவருக்கு, சரி. அவருடைய கோபத்தையும் மௌனத்தையும் தினம் தினம் சமாளிக்கிறவளிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்கிறோமா?

பாட்டு சிகிச்சைக்கு மாற்று இல்லைதான். ஆனால் டாக்டரிடம் சொல்லக் கூசுவதை, கிட்டாரோடு எதிரில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல முடிகிறது என்றால் அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் இசைப் பக்கத்தில் சினிமாப் பாட்டுக்கு நடுவே இந்தத் தொகுப்புக்கும் ஒரு கட்டுரை ஒதுக்குங்கள்.

- ஒரு வாசகர், வேலூர்