தொழில் தெளிவாகாதவருக்குப் பட்டம் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எந்தத் தொழிலுக்குப் போகப்போகிறோம் என்று தெரியாதவர்கள் கல்லூரியில் சேர்ந்து காலத்தையும் பணத்தையும் வீணாக்க வேண்டாம் என்று வலியுறுத்தும் கட்டுரையைத் தங்கள் சென்ற இதழில் படித்தேன். கட்டுரையாளரின் அக்கறை புரிகிறது. கடன் வாங்கிப் படித்துவிட்டு வேலைக்கு அலையும் பிள்ளைகளைப் பார்த்த எவருக்கும் அந்த எண்ணம் வரும். ஆனாலும் அவர் வந்தடைந்த முடிவை, பல ஆண்டுகள் கல்லூரியில் பாடம் நடத்திய என்னால் ஏற்க முடியவில்லை.

பள்ளிப் படிப்பை முடிக்கும் வயதில் தொழில் பற்றிய தெளிவு இல்லாதிருப்பது குறையே அல்ல. அந்த வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த தொழில்கள் வீட்டிலும் தெருவிலும் திரையிலும் பார்த்தவை மட்டுமே. புள்ளியியலாளர், நகரத் திட்டமிடுநர், ஆவணக் காப்பாளர் என்போர் என்ன செய்கிறார்கள் என்பதே தெரியாத ஒருவரிடம், இவற்றுள் எது உனக்கு வேண்டும் என்று கேட்பது நியாயமாகாது. தயங்காமல் பதில் சொல்லும் பிள்ளைகளிலும் பலர், பெற்றோர் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்கிறார்கள்.

கல்வியை ஒரு முதலீடாகக் கருதி அதன் வரவு செலவை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர், 1992இல் நோபல் பரிசு பெற்ற பொருளியல் அறிஞர் கேரி பெக்கர். கட்டணத்தோடு, படிக்கும் ஆண்டுகளில் ஈட்டாமல் விட்ட ஊதியத்தையும் செலவாகவே எழுத வேண்டும் என்பது அத்தகைய ஆய்வின் அடிப்படை. கட்டுரையாளர் இந்தச் செலவுப் பக்கத்தைச் சரியாகவே எழுதியிருக்கிறார். வரவுப் பக்கத்தில்தான் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டார். ஒரு கட்டப் படிப்பின் பயன் அது பெற்றுத்தரும் ஊதியத்தோடு முடிந்துவிடுவதில்லை என்றும், அடுத்த கட்டப் படிப்புக்குப் போகும் வாய்ப்பைத் தருவதும் அதன் பயனே என்றும் 1962இலேயே அமெரிக்கப் பொருளியலாளர் பர்ட்டன் வைஸ்பிராட் எடுத்துக்காட்டினார். அந்த வாய்ப்பைப் பிற்காலத்தில் பயன்படுத்துவோமா என்பது இன்று தெரியாது. தெரியாத காரணத்தால்தான் அதைக் கையில் வைத்திருப்பதற்கு மதிப்பு கூடுகிறது. போகும் இடம் உறுதியாகத் தெரிந்தவருக்கு ஒரு வழி போதும், தெரியாதவருக்கு அல்லவா பல வழிகள் திறந்திருக்க வேண்டும்?

நடைமுறையில் இது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். முதுகலைப் படிப்பு, ஆசிரியப் பயிற்சி, பல நாடுகளில் அரசுப் பணிக்கான உயர்நிலைத் தேர்வுகள் ஆகியவற்றுக்கு ஓர் இளநிலைப் பட்டமே நுழைவுத் தகுதி. அரசுத் தேர்வுகள் பலவற்றுக்கு எந்தப் பாடத்தில் என்பதுகூடப் பெரிதல்ல. குடியேற விரும்புவோரின் கல்விக்கு மதிப்பெண் தரும் முறையைக் கனடா 1967இல் கொண்டுவந்தது. வேறு சில நாடுகளும் அதைப் பின்பற்றின. பதினெட்டு வயதில் நினைத்தும் பார்க்காத இத்தகைய தேவைகள் முப்பது வயதில் வந்து நிற்கும்போது, குடும்பப் பொறுப்புகளுக்கு நடுவே மீண்டும் முதலாண்டு மாணவராய்ப் போய் அமர எல்லோராலும் இயலாது.

பட்டம் வெறும் காகிதம்தானே, திறமை அல்லவா முக்கியம் என்றும் கட்டுரை கேட்கிறது. முன்பின் அறியாத ஒருவரின் திறமையை வேலை கொடுப்பவர் நேரில் பார்க்க வழியில்லாததால், பட்டத்தை ஓர் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார் என்று பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் விளக்கினார். அவரும் பின்னர் 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இந்த வழக்கம் நியாயமானதா என்று நாம் வாதிடலாம். ஆனால் அது மாறும்வரை காத்திருக்க முடியாத ஓர் இளைஞரிடம் காகிதம்தானே என்று சொல்வது பொறுப்பான அறிவுரை ஆகாது. கல்லூரியைப் பாதியில் விட்டு வென்ற பில் கேட்ஸ் போன்றோரை உதாரணம் காட்டுவதும் இங்கே பொருந்தாது. அவர் வெளியேறியது என்ன செய்வது என்று தெரியாமல் அல்ல, தெரிந்துவிட்டதால்.

இதனால் எந்தப் படிப்பில் வேண்டுமானாலும், எவ்வளவு கடன் வாங்கியாவது சேர்ந்துவிடலாம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். பெருங்கடன் நான் மேலே சொன்ன பயனையே அழித்துவிடும். மாதத் தவணை கட்ட வேண்டியவர் தமக்கேற்ற வேலையைத் தேடாமல் முதலில் கிடைத்ததைப் பற்றிக்கொள்கிறார். ஒரே தொழிலுக்கு மட்டும் பயன்படும் குறுகிய படிப்பும் தெளிவில்லாதவருக்கு ஏற்றதன்று. கணிதம், பொருளியல், வரலாறு, மொழி போன்ற அகலமான பாடங்களில், கடினமான ஒன்றைப் படித்து விளங்கிக்கொள்ளவும், எண்களைச் சந்தேகத்தோடு பார்க்கவும், எண்ணியதைத் தெளிவாக எழுதவும் பழகியவர், பின்னால் எந்தத் துறைக்குப் போனாலும் அந்தப் பழக்கம் உடன் வரும். கைத்தொழிலில் நாட்டம் உள்ளவர்களுக்கு, ஜெர்மனியில் இருப்பதுபோல் ஊதியத்தோடு தொழில் பழகும் ஏற்பாடு சிறந்தது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது இடைநிற்றல். சேர்ந்துவிட்டுப் பாதியில் விடுபவருக்குக் கடன் மிஞ்சுகிறது, பட்டம் கிடைப்பதில்லை. படித்த ஆண்டுகள் கணக்கில் வராமலே போய்விடுகின்றன. ஐரோப்பாவில் ஓராண்டுப் படிப்புக்கு 60 தரப்புள்ளிகள் (படித்து முடித்த அளவைக் காட்டும் கிரெடிட்) என்று பொது அளவு வைத்து, ஓரிடத்தில் பெற்றதை வேறிடத்தில் எடுத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். 1969இல் நிறுவப்பட்ட பிரித்தானியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்தகுதி கேட்காமலே வேலையில் இருப்போரைச் சேர்த்துக்கொள்கிறது. விட்ட இடத்திலிருந்து தொடரவும், பாடத்தை மாற்றிக்கொள்ளவும் இடம் தரும் இத்தகைய ஏற்பாடுகள்தாம் முடிவெடுக்க இயலாமல் நிற்பவருக்கு உண்மையான உதவி.

எனவே, மாணவர் சேர்க்கை தொடங்குவதற்குள் தங்கள் இதழ் ஒரு சிறப்புப் பகுதி வெளியிட வேண்டுகிறேன். எந்தெந்தக் கல்லூரிகளில் முதலாண்டுக்குப் பின் பாடம் மாறலாம், இடையில் நின்றவர் எத்தனை ஆண்டுகளுக்குள் திரும்பிச் சேரலாம், படித்த பகுதிக்குச் சான்றிதழ் கிடைக்குமா, கடன் தவணை எப்போது தொடங்கும் என்ற விவரங்களை அதில் கேட்டுப் பெற்று வெளியிடுங்கள். பெற்றோரும் மாணவரும் சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முன் அதைப் படிக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியர் ஒருவர்