பால்மரக் காட்டிலிருந்து போனவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நேதாஜி பிறந்தநாளை ஒட்டி, அவருடைய ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால் போருக்குப்பின் ஐ.என்.ஏ. அதிகாரிகள் மீது நடந்த செங்கோட்டை விசாரணை, பெண்கள் படைக்குத் தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி என்று அதிகாரிகளோடு நின்றுவிட்டது.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தபின் ஐ.என்.ஏ.வில் சேர்ந்த சாதாரண மக்களில் ஏராளமானோர் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள். தஞ்சை, திருச்சி, சேலம் பக்கமிருந்து கூலிக்குப் போன குடும்பங்கள். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, ரப்பர் மரப் பட்டையைச் சீவி, மங்கில் (கிண்ணத்தில்) வடிந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்தவர்கள். தோட்டத்துக் கணக்கரான கிராணியை நிமிர்ந்து பார்க்கவே தயங்கிய பெண்கள், ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் துப்பாக்கி ஏந்தினார்கள்! எனக்கு இதுதான் பெரிய செய்தியாகப் படுகிறது.

எல்லோரும் தேசபக்தியால் மட்டுமே போனார்கள் என்று எழுத வேண்டாம். ஜப்பானியர் வந்தபின் தோட்டத்தில் வேலையில்லை, அரிசியில்லை. சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு அவர்கள் போட்ட ரயில்பாதைக்கு வேறு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பயந்து ஐ.என்.ஏ.வில் பெயர் கொடுத்தவர்களும் உண்டு. அதனால் என்ன, படை போரிடப் போன பர்மா காட்டில் மலேரியாவும் பட்டினியும் காரணம் கேட்டா வந்தன?

1945இல் படை கலைந்ததும் பலர் பழையபடி பால்வெட்டுக்கே திரும்பினார்கள். அப்புறம் அவர்களைப் பற்றி யார் எழுதினார்கள்?

கப்பலேறியவர்களின் உறவுகள் இன்னும் நம் ஊர்களில் இருக்கின்றன. பழைய கடிதம், புகைப்படம் வைத்திருப்போர் அனுப்பலாம் என்று உங்கள் ஞாயிறு மலரில் ஓர் அறிவிப்பு போடுங்களேன்.

ஒரு வாசகர்,
பட்டுக்கோட்டை