சனிக்கிழமை அடர்த்திச் சோதனை: பெற்றோர் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு, பிள்ளைகள் அவரவர் சமையலறையிலிருந்தே வீடியோ அழைப்பில் திரவ அடர்த்திச் சோதனை செய்கிறார்கள்.

1. தேன், தண்ணீர், சமையல் எண்ணெய் தலா கால் டம்ளர். உயரமான கண்ணாடி டம்ளர் ஒன்று.

2. முதலில் தேன். அப்புறம் தண்ணீர், கரண்டியின் முதுகில் பட்டு மெல்ல வழியட்டும். வேகமாக ஊற்றினால் தேன் கலங்கிவிடும். கடைசியில் எண்ணெய்.

3. ஒரு மில்லி லிட்டர் தேன் சுமார் 1.4 கிராம், தண்ணீர் 1 கிராம், எண்ணெய் சுமார் 0.92 கிராம். தயவுசெய்து இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். எது மிதக்கும் என்று அவர்களே ஊகித்து எழுதட்டும். "தேன் கெட்டி, அதனால் அடியில் போகிறது" என்றால், எண்ணெயும் தண்ணீரைவிடக் கெட்டிதானே, அது ஏன் மிதக்கிறது என்று கேளுங்கள்.

4. ஊற்றுவது பிள்ளைகள்தான்.

சேருபவர்கள் வியாழன் இரவுக்குள் பிள்ளையின் பெயர், வகுப்புடன் பதிலிடவும்.