டஸ்கீகிக்கு ஒருநாள் போய் வா

அன்புள்ள கயலுக்கு,

அட்லாண்டா பக்கம் போகாமல் எதிர்த் திசையில் காரை விட்டால் அரை மணி நேரத்தில் டஸ்கீகி என்று ஒரு ஊர் வருகிறது, பலகை பார்த்தேன் என்று போனில் சொன்னாய். அந்தப் பேரைக் கேட்டதிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தது. கிளீவ் ஆபட் வேலை பார்த்த ஊர் கண்ணு அது.

கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கிய கல்லூரி ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. அங்கே அவர் ஃபுட்பால் கோச். நாம் காலால் உதைக்கிறது இல்லை, பந்தை அணைத்துக்கொண்டு ஓடி முட்டி மோதுவார்களே, அது. 1923 முதல் 1954 வரை அவர் அணி 200 ஆட்டத்துக்கு மேல் ஜெயித்தது. இன்றைக்கும் ஸ்டேடியத்துக்கு அவர் பேர்தான்.

எனக்கு அவரைப் பிடித்தது அதற்காக இல்லை. 1927இல் டஸ்கீகி ரிலேஸ் என்று தடகளப் போட்டியை ஆரம்பித்தவர், சில வருஷத்துக்குள் பெண்களையும் அதில் ஓட விட்டார். அது எந்தக் காலம் தெரியுமா? 1928 ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் களைத்துப்போனார்கள் என்று 1960 வரை அந்த ஓட்டத்தையே அவர்களுக்கு இல்லாமல் பண்ணிவிட்டார்கள். அப்படிப்பட்ட நாளில் இவருடைய பெண்கள் அணி 1937இல் அமெரிக்க தேசியப் பட்டம் வாங்கியது. பிறகு வருஷா வருஷம் வாங்கிக்கொண்டே இருந்தது.

1939இல் ஜார்ஜியாவிலிருந்து ஆலிஸ் கோச்மன் வந்து சேர்ந்தாள். மண் ரோட்டில் கயிறு கட்டி வெறுங்காலில் தாண்டிப் பழகியவள். பெண் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்றவர் அவள் அப்பா. அந்த வருஷம் தொடங்கி 10 வருஷம் உயரம் தாண்டுதலில் தேசியப் பட்டத்தை அவள் விடவே இல்லை. 1940, 1944 ஒலிம்பிக் இரண்டும் போரில் போயின. 1948 லண்டனில் 1.68 மீட்டர் தாண்டினாள். ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் கறுப்பினப் பெண் அவள்தான். சொந்த ஊர் பாராட்டு விழாவில் மேயர் கைகூடக் கொடுக்கவில்லை.

நானும் 31 வருஷம் பி.டி. மாஸ்டர்தான். கிரவுண்டைப் பையன்களுக்கு விட்டுவிட்டு, புள்ளைகள் கையில் வளையப்பந்தைக் கொடுத்து புங்க மரத்தடிக்கு அனுப்பிவிடுவேன். கேட்டால் இடம் பத்தாது என்பேன். இடம் இருந்தது.

நீ ஏழாவது படிக்கும்போது 200 மீட்டருக்குப் பேர் கொடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? லிஸ்டில் உன் பேர் வரவில்லை என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. டீச்சர் விட்டுவிட்டார் என்று சொன்னேன். லிஸ்டில் உன் பேரை அடித்தது நான்தான். மாஸ்டர் மகள் ட்ரவுசரோடு ஓடினாள் என்று ஊரில் பேசுவார்களே என்ற பயம்.

இப்போது காலையில் அங்கே ஓடுகிறேன் என்கிறாய், எவ்வளவு தூரம் என்று கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. கடிதத்தில் எழுது.

குளிர் குறைந்ததும் ஒரு சனிக்கிழமை டஸ்கீகிக்குப் போ. அந்த ஸ்டேடியம் வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. லிஸ்ட் விஷயம் அம்மாவுக்குத் தெரியாது. நானே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா