சோதனை கோழிக்கடையிலும் நடக்கட்டும்

ஆசிரியருக்கு,

திருகோணமலை உணவகங்களில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் நடத்திய சோதனை பற்றித் தங்கள் பத்திரிகையில் படித்தேன். நல்ல வேலைதான். ஆனால் கொத்துரொட்டிக் கடையில் தேடும் கிருமி பல நேரம் அதற்கு முன்பே, கோழிக்கடையிலேயே இறைச்சியில் ஏறிவிடுகிறது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சால்மொனெல்லா, கம்பைலோபாக்டர் என்ற கிருமிகள் கோழியின் குடலில் நோய்க்குறி எதுவும் காட்டாமலே இருக்கக்கூடியவை. வெட்டும்போது குடல் கிழிந்தால் இறைச்சியில் பரவிவிடும். நன்றாக வேகவைத்தால் செத்துவிடும், சரி. ஆனால் பச்சைக் கோழி வெட்டிய அதே பலகையில் சலாதுக்கு வெங்காயம் வெட்டினால்?

நகரில் நான் கோழி வாங்கும் கடையில் கத்தி, பலகை, கை எல்லாவற்றுக்கும் ஒரே வாளித் தண்ணீர்தான்; மத்தியானத்துக்குள் அது சிவந்துவிடும். கழிவு பின்பக்கத்து நாய்களுக்கும் காகங்களுக்கும் போகிறது. அவையும் இக்கிருமிகளைச் சுமந்து திரியக்கூடியவை. அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது குழாய்த் தண்ணீரையும் மூடியுள்ள கழிவுத் தொட்டியையும் உள்ளூராட்சி மன்றம் கட்டாயமாக்கலாம். பரிசோதகர்கள் கோழிக்கடைச் சோதனைக்குப் போகையில் கால்நடை வைத்தியர் ஒருவரையும் கூட்டிச் செல்லட்டும்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை