பெயின்டர் அண்ணனுக்கு, அம்மாவின் அறை பற்றி

அன்புள்ள அண்ணனுக்கு,

போன வாரம் ஷேட் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அதில் மூன்று நீலங்களைப் பேனாவால் சுழித்து வைத்திருந்தீர்கள். "அம்மா மனசு சரியில்லன்னு சொல்றீங்க, நீலம் அடிச்சா அமைதியாயிருவாங்க" என்றீர்கள். அன்றைக்கு மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது, நீங்களும் பூம்பாறை பஸ்ஸுக்கு அவசரத்தில் இருந்தீர்கள். அதனால் சரி சரி என்று மட்டும் சொன்னேன். மனதில் இருப்பதை நிதானமாக எழுதிவிடுகிறேன், உங்கள் மகன் வாசித்துக் காட்டுவான். கொடைக்கானலில் வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் மற்ற வீடுகளுக்கும் உதவும் என்பதால்தான் எல்லோரும் பார்க்கிற இடத்தில் போடுகிறேன்.

நீலத்துக்கு நீங்கள் சொன்ன காரணம் என்னை யோசிக்க வைத்தது. உங்கள் பேரன் பிறந்தபோது மஞ்சள் காமாலை என்று இரண்டு நாள் நீல விளக்கில் வைத்திருந்தார்கள். "நிறம் உடம்பச் சரி பண்ணுதுன்னு கண்ணால பாத்தேன்மா" என்றீர்கள். நீங்கள் பார்த்தது உண்மைதான். குழந்தையின் தோலில் தேங்கியிருக்கும் பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் நீல ஒளியை உறிஞ்சி, வடிவம் மாறி, உடம்பை விட்டு எளிதாக வெளியேறுகிறது. இதைக் கவனித்தவர் ஒரு செவிலியர். 1956-ல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு மருத்துவமனையில் சிஸ்டர் வார்டு என்பவர் குறைமாதக் குழந்தைகளைத் தோட்டத்து வெயிலுக்குத் தூக்கிக்கொண்டு போவார். ஒருநாள் மருத்துவர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் வெளிறியிருக்க, துணி மூடியிருந்த இடம் மட்டும் மஞ்சளாகவே இருந்தது. 1958-ல் அதே மருத்துவமனையிலிருந்து விளக்கு வைத்துச் செய்த சிகிச்சையைப் பற்றிய கட்டுரை வந்தது. உங்கள் பேரன் படுத்திருந்த விளக்கின் கதை இதுதான் அண்ணே.

ஆனால் அங்கே வேலை செய்தது விளக்கின் ஒளி. அந்த அறையின் சுவருக்கு நீலம் அடித்திருந்தால் குழந்தைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. சுவருக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது, தன் மேல் விழுவதில் ஒரு பங்கைத்தான் திருப்பித் தரும். நம் ஊர் வானாய்வகத்தில் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரிய ஒளியைப் பிரித்துப் பிரித்துப் படமெடுத்து வருகிறார்கள். அந்த ஒளியில் எல்லா நிறமும் உண்டு. நீலச் சுவர் நீலத்தை நம் பக்கம் அனுப்பிவிட்டு மீதியில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். வெயில் ஊரில் அது கண்ணுக்குக் குளிர்ச்சிதான். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் சுவர் விழுங்கினால் அம்மாவுக்கு என்ன மிஞ்சும்?

இளஞ்சிவப்பு அடித்தால் கோபம் தணியும் என்றும் ஒரு பேச்சு உண்டு. 1979-ல் அமெரிக்காவின் சியாட்டிலில், கடற்படைத் தடுப்புக்காவல் அறை ஒன்றுக்கு அந்த நிறம் அடித்து, கைதிகள் சாந்தமானதாகச் சொன்னார்கள். பிறகு கவனமாகச் செய்து பார்த்த சோதனைகளில் அது நிற்கவில்லை. இந்த நிறம் இந்த மனநிலைக்கு என்று பட்டியல் போட்டு வருகிற செய்திகளை நான் இப்போது நம்புவதில்லை.

அம்மாவுக்கு என்ன நடந்தது என்று உங்களுக்கு முழுதாகத் தெரியாது. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் குளியலறைக்குப் போகும்போது அந்த ஒற்றைப் படியில் தடுக்கி விழுந்தார். தரையும் படியும் ஒரே சிமென்ட் சாம்பல் நிறம். எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் அழகு என்று உங்களிடம் அடித்துச் சொன்னது நான்தான். கால் சுளுக்கு பத்து நாளில் போய்விட்டது, பயம் போகவில்லை. அன்றிலிருந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்க யோசிக்கிறார். பகலில் உட்கார்ந்தபடியே தூக்கம், ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு. முகம் வெளிறிப்போய்விட்டது. மனசு வாடினால் முகம் சிவக்கும், கறுக்கும், வெளுக்கும் என்று நம் ஆட்கள் எப்போதும் சொல்கிறார்கள். பிரிவில் மேனி நிறம் மாறுவதற்குப் பசலை என்று தனிச் சொல்லே வைத்திருக்கிறோம். அம்மாவின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் ஞாபகம் வருகிறது.

கண் மருத்துவர் புரை ஆரம்பித்திருக்கிறது என்றார். வயதாக ஆகக் கண்ணில் உள்ள வில்லை மஞ்சளடிக்குமாம். மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல, நீலம்தான் முதலில் மங்கும். கருநீலமும் கறுப்பும் ஒன்றாகிவிடும். மோனே என்று பிரெஞ்சு ஓவியர் ஒருவர் இருந்தார். புரை முற்றிய காலத்தில் அவர் வரைந்த படங்களில் செம்பழுப்பு ஏறிக்கிடக்கும். 1923-ல் வலக்கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். நிறத்தோடேயே வாழ்ந்த மனிதரின் கண்ணையே அது அப்படி மாற்றியிருக்கிறது. நீங்கள் சுழித்த நீலங்களில் மிக அழகானதுகூட அம்மாவுக்கு மங்கலாகத்தான் தெரியும் அண்ணே.

சாயங்காலம் இன்னொன்றும் நடக்கும். வாசல் தொட்டியில் சிவப்பு ஜெரேனியம் இருக்கிறதே, ஆறரை மணிக்கு அதைப் பாருங்கள். பூ கறுத்துப்போயிருக்கும், இலை மட்டும் இன்னும் தெரியும். மங்கிய வெளிச்சத்தில் கண் வேறு வகை உயிரணுக்களை நம்பிப் பார்க்கிறது, அவற்றுக்குச் சிவப்பு தெரியாது. புர்கின்யே என்ற செக் அறிஞர் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதை எழுதிவைத்தார். அதனால்தான் படிக்குச் சிவப்புக் கோடு போடலாமா என்று நீங்கள் கேட்டபோது நான் தயங்கினேன். வெளிர்மஞ்சள் போடுவோம், சாம்பல் தரையில் இருட்டியும் தெரியும்.

தூக்கத்துக்கு வருகிறேன். பார்ப்பதற்கான உயிரணுக்கள் போக, கண்ணின் பின்திரையில் இன்னொரு வகை உயிரணுக்கள் இருப்பதை 2002-ல் உறுதிசெய்தார்கள். அவை உருவங்களைப் பார்ப்பதற்கானவை அல்ல. வெளிச்சம் எவ்வளவு என்று மூளையின் கடிகாரத்துக்குச் சொல்லுவதுதான் அவற்றின் முக்கிய வேலை. நீல ஒளிக்குத்தான் அவை அதிகம் அசையும். காலையில் அந்தச் செய்தி போனால் உடம்பு விழித்துக்கொள்ளும், ராத்திரி போனால் தூக்கம் தள்ளிப்போகும். ஆக, உங்கள் நீலம் அம்மாவுக்கு வேண்டும்தான், காலை நேரத்தில், ஜன்னல் வழியாக. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அளவால் அளக்கிறார்கள். மூட்டமான நாளில்கூட வெளியே பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். ராத்திரி நம் அறைக்குள் நூறு, இருநூறு இருந்தாலே அதிகம்.

குளிர்நாடுகளில் பகல் சுருங்கும் மாதங்களில் சிலருக்கு மனம் சோர்ந்துவிடும். 10,000 லக்ஸ் விளக்கின் முன்னால் காலையில் அரை மணி நேரம் உட்கார வைக்கிறார்கள். நமக்கு அந்தக் கஷ்டமே கிடையாது, மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணி நேரம் இருக்கும். வெளிச்சம் வருகிறது, அம்மாவின் கிழக்கு ஜன்னலைப் பீரோ மறைத்துக்கொண்டு நிற்கிறது. குளிர்காற்று வருகிறதென்று நான்தான் அதை அங்கே தள்ளினேன். ஜன்னலுக்கு வெளியே பேரிக்காய் மரம். 1984-ல் ரோஜர் உல்ரிச் என்பவர் ஓர் ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை அறுவை முடிந்தவர்களில், ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தவர்கள் செங்கல் சுவரைப் பார்த்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வீரியமான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. சின்ன ஆய்வுதான், 46 பேர். ஆனாலும் பீரோவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது.

எனவே என் கணக்கு இது. முதலில் பீரோவை நகர்த்த ஒரு கை கொடுங்கள். ஜன்னல் உள்பக்கக் கட்டைகளுக்கு வெள்ளை. சுவருக்கு இளமஞ்சள் கலந்த கிரீம், மேட் ஃபினிஷ், பளபளப்பு வேண்டாம், கண் கூசும். வடக்குச் சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது, பட்டி பார்க்கும் முன் அதைச் சுரண்டிக் காயவிடுங்கள். குளியலறைக் கதவின் நிலைக்குக் கரும்பச்சை, சுவரிலிருந்து பிரிந்து தெரியட்டும். சுவிட்ச் போர்டைச் சுற்றி அதே பச்சையில் ஒரு பட்டை. தலைமாட்டில் இருக்கும், நீலம் கலந்த 6500 கெல்வின் வெள்ளை பல்பைக் கழற்றி, மஞ்சள் வெளிச்சம் தரும் 2700 கெல்வின் பல்பு போட்டுவிடுகிறேன், அது என் வேலை.

கிரீமில் எது என்று கார்டில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மூன்று ஷேடை ஒவ்வொரு முழம் சுவரில் அடித்துவிட்டுப் போங்கள். காலை எட்டு மணிக்கும், மூடுபனி இறங்கும்போதும், ராத்திரி பல்பு வெளிச்சத்திலும் அம்மாவைப் பார்க்கச் சொல்கிறேன். முன்பு உங்கள் ஊர் வளைவில் பஸ் திரும்பும்போது, அடுக்கடுக்காகத் தெரியும் வீடுகளில் ஒரு மஞ்சள் வீட்டைக் காட்டி, "அதுல யாரு இருக்காங்களோ, குடுத்து வச்சவங்க" என்பார். எந்த வீடு என்று நீங்கள் வரும்போது அவரிடமே கேளுங்கள். அந்த மஞ்சளுக்கு ஷேட் நம்பர் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை காலை சீக்கிரம் வாருங்கள் அண்ணே. அம்மா ஏழு மணிக்கே விழித்திருப்பார்.

அன்புடன்,
உங்கள் தங்கை